இடது பக்கம் இழுத்த ஸ்விஃப்ட்: அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை, சக்கரத்தில் மட்டும் சூடு

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். ஓடியிருப்பது தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. குறை ஒன்றுதான்: ஸ்டியரிங் பிடியை லேசாகத் தளர்த்தினால் வண்டி இடது ஓரத்துக்குப் போய்விடும். நம் ஊர் ரோட்டில் இடது ஓரம் என்றால் டூவீலர்காரர்கள், சைக்கிள், ஆடு, காயப் போட்ட உளுந்து எல்லாம் இருக்கும் இடம். அந்தப் பக்கம் இழுக்கிற வண்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்ட முடியாது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு அடிக்கடி போகிறவன் நான். திருவெறும்பூர் வரை நெரிசலில் ஒன்றும் தெரியாது. துவாக்குடி தாண்டி நாலுவழிச் சாலை நேராக விரியும்போதுதான் இழுப்பு தெரியும். செங்கிப்பட்டி வரும்போது இன்னும் கூடியிருக்கும். தஞ்சாவூரில் இறங்கும்போது தோள்பட்டை கடுக்கும். தூரம் போகப் போக இழுப்பு கூடுகிறது என்பதைத்தான் நான் முதலில் காதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளம்.

இழுக்கிறது என்று சொன்னால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது "எப்ப இழுக்குது?" என்பதைத்தான். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் ஒரு வழி. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் இழுத்தால் வேறு வழி. காலை எதிலும் வைக்காமல் சும்மா உருளும்போதே இழுத்தால் மூன்றாவது வழி. என் வண்டி மூன்றாவது ரகம். பிரேக் மிதித்தால் நேராகவே நின்றது. இன்னும் சொன்னால், மிதிக்கும்போது இடது இழுப்பு காணாமலே போனது. அதனால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, அந்தப் பக்கமே போகாமல் மற்றதையெல்லாம் நோண்டினேன்.

தொடங்கியது காற்றிலிருந்து. பங்க்கில் இருக்கிற மீட்டர் ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்லும் என்பதால் 450 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கினேன். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தேன். முன் வலது 32, முன் இடது 27. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் இடது வால்வில் சின்னக் குமிழி வந்தது. வால்வு ஊசியை மாற்றி, டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்கு நாலு டயருக்கும் காற்று வைத்தேன். காற்று குறைந்த பக்கம் வண்டி இழுப்பது சகஜம்தான். இழுப்பு ஒரு படி குறைந்தது, போகவில்லை.

அடுத்து ரோட்டின் மேல் சந்தேகம். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தார் ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரத்துக்கும் சரித்துப் போடுவார்கள். இடது ஓரமாக ஓட்டுகிற நாட்டில் எந்த வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் நகரத்தான் செய்யும். எங்கள் ஏரியாவுக்கு வெளியே மனை பிரித்துப் போட்ட லேஅவுட் ஒன்று இருக்கிறது. வீடு ஒன்றுகூட வரவில்லை, ஆனால் தார் ரோடு மட்டும் நூல் பிடித்த மாதிரி கிடக்கிறது. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, ஒரு மீட்டர் அலுமினியப் பட்டையை ரோட்டுக்குக் குறுக்கே வைத்து, தாழ்ந்த பக்கத்தில் சில்லறைக் காசுகளை அடுக்கி மட்டம் வரும் வரை உயர்த்தினேன். ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. அதாவது இரண்டரை சதவீதம். ரோடு போட்டவர் நியாயமான ஆள்தான்.

டவுனுக்குள் சுற்றிவிட்டு நேராக லேஅவுட்டுக்கு வந்து ஓட்டினேன். நடுக்கோட்டுக்கு இடது புறம் 40-ல் போய் ஸ்டியரிங்கை விட்டால் சட்டென்று இடது ஓரம். இது எதிர்பார்த்ததுதான். பிறகு அதே திசையில், நடுக்கோட்டுக்கு வலது புறம். அங்கே சரிவு வலது பக்கம், ஆகவே வண்டி வலது பக்கம் நகர வேண்டும். நகரவில்லை. நேராகப் போய், கடைசியில் இடது பக்கமே திரும்பி மேட்டில் ஏறப் பார்த்தது. ஆள் இல்லாத ரோட்டில், கை ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்க, மெதுவான வேகத்தில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. ஆனால் இதைவிடத் தெளிவான பதில் எந்த மெஷினும் தராது: குற்றம் ரோட்டில் இல்லை, வண்டியில்.

மறுபடி உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று வேறொரு நாள் விடியற்காலையில் வீட்டிலிருந்து நேரே போய் ஓட்டினால், இழுப்பே இல்லை! அப்போது எனக்கு இது குழப்பமாகத்தான் இருந்தது. காற்று சரியாக இருந்ததால் போலும் என்று விட்டுவிட்டேன்.

டயரை மாற்றிப் போட்டது அடுத்த கட்டம். சில டயர்களுக்குள் இருக்கிற கம்பிப் பட்டை செய்யும்போதே ஒரு பக்கம் ஒதுங்கி அமைந்துவிடும். வெளியே பார்க்க அம்சமாக இருக்கும், உருண்டால் ஒரு பக்கம் போகும். கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். முன் இரண்டு சக்கரங்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால் போதும். இழுப்பு வலது பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் டயருக்கு விடுதலை. என்னுடையது 165/80 ஆர்14, சுற்றும் திசைக்கான அம்புக்குறி இல்லாத டயர், அதனால் மாற்றிப் போடுவதில் சிக்கல் இல்லை. அம்புக்குறி உள்ள டயரை இப்படி மாற்றக் கூடாது. தேவைப்பட்டது 19 சாக்கெட், ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, பின் சக்கரத்துக்குக் கொடுக்கக் கல். செலவு பூஜ்யம். இழுப்பு இடது பக்கமே நின்றது.

அப்புறம்தான் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணங்களை அளந்து சரிபார்ப்பது. கேமரா வைத்துப் பார்க்கிற மெஷின், 500 ரூபாய். பேலன்சிங் 400. திரையில் இடது டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சிவப்பில் இருந்தது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடைத் திருப்பிப் பச்சைக்குக் கொண்டுவந்தார்கள். கோணலாக இருந்த ஸ்டியரிங் நேரானது. இழுப்பு அப்படியே இருந்தது. டோ தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணும். அது மட்டும் வண்டியை இப்படி ஒரு பக்கமாக இழுக்காது. ஒரு பக்கம் இழுக்க வைப்பது இடதுக்கும் வலதுக்கும் இடையே கேம்பரிலோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரிலோ (சக்கரம் திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) இருக்கும் வித்தியாசம். அந்த இரண்டுக்கும் இந்த வண்டியில் திருப்ப ஸ்க்ரூ கிடையாது. மெஷின் அளந்து காட்டும், அவ்வளவுதான். தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கேம்பரில் வித்தியாசம் 10 மினிட், காஸ்டரில் 15 மினிட். அரை டிகிரி, அதாவது 30 மினிட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலைப்பட மாட்டார்கள்.

"எல்லாம் பச்சை சார். இது ரோடு சரிவுதான்" என்றார் கடைப் பையன். லேஅவுட் கதையைச் சொன்னேன். "அப்ப கேம்பர் வளைச்சு விடலாம் சார், ஒரு பக்கத்துக்கு 800" என்றார். ஹைட்ராலிக் ஜாக்கி மாட்டி, சஸ்பென்ஷனையே இழுத்து வளைத்து அளவைக் கொண்டுவருவது. விபத்தில் அடிபட்டு உண்மையிலேயே கேம்பர் கெட்ட வண்டி என்றால்கூட அடிபட்ட பாகத்தை மாற்றுவதுதான் முறை. அளவு சரியாக இருக்கிற வண்டியில் வளைத்தால், ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையைச் செய்து வைத்த மாதிரிதான். டயரின் உள்விளிம்பு தேய ஆரம்பித்த பிறகுதான் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பதிவில் நான் செய்த உருப்படியான முடிவுகளில் அது ஒன்று.

அங்கே ராம்ப்பில் ஏற்றியபோது, சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு இருப்பதைக் காட்டினார்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் மாற்றினேன், கூலியோடு 3,600. அதைக் கழற்றி மாட்டினால் அலைன்மென்ட் திரும்பப் பார்த்தாக வேண்டும், அதற்கு இன்னொரு 500. ஸ்பீட் பிரேக்கரில் வந்த டொக் டொக் சத்தம் நின்றது. இழுப்பு நிற்கவில்லை.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது வல்லம் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில். முன் சீட்டில் வந்த மாமனார் இடது கதவைத் திறந்து இறங்கியவர், மூக்கைச் சுளித்தார். "என்ன மாப்ள, இந்தப் பக்கம் கருகுற வாடை வருது?" குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். தொடவே வேண்டியதில்லை, அனல் அடித்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தால் வெதுவெதுப்புதான். இரும்பு ரிம், அதன் மேல் பிளாஸ்டிக் வீல் கப் இருக்கிற வண்டி என்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. கப்பை நெம்பி எடுத்தேன். இடது ரிம்மின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. வலது பக்கம் லேசான சாம்பல் நிறம். டீக்கடைக்காரர் உதவி செய்ய ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சக்கரத்தோடு சுழல்கிற பிரேக் தட்டுதான் டிஸ்க், அது கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றினால் வளைந்துபோகலாம். தானாக ஆறட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தோம்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. விடியற்காலையில் இழுக்காதது, தூரம் போகப் போக இழுப்பது, டவுனில் பிரேக் பிடித்துப் பிடித்து வந்த பிறகு லேஅவுட்டில் இழுத்தது. இடது முன் பிரேக் மிதித்த பிறகு முழுதாக விடுவதில்லை. டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற பேட் உரசிக்கொண்டே வருகிறது, சூடாகிறது, சூடாக ஆக இன்னும் பிடிக்கிறது.

ஊர் திரும்பியதும் 1,100 ரூபாய்க்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். துப்பாக்கி மாதிரி நீட்டிச் சுடுவது. அளக்கும் முறை முக்கியம். கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கே தொடாமல் வந்து, ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி, உடனே ரிம் ஓட்டை வழியாக டிஸ்கை அளக்க வேண்டும். பளபளப்பான இடத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால் நடுப்பகுதியில் துருப்பிடித்துக் கறுத்த இடத்தையே இரண்டு பக்கமும் குறிவைத்தேன். எண் துல்லியமா என்பது பெரிதில்லை, வித்தியாசம்தான் வேண்டும். இடது 148 டிகிரி, வலது 71. பின் டிரம் இரண்டும் 50-ஐ ஒட்டி.

இனி எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேடை டிஸ்கின் மேல் அழுத்துகிற பாகம் காலிப்பர். அது விடாமல் இருக்கப் பல காரணம் உண்டு. பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். காலிப்பர் நகர்வதற்கான கம்பி, அதாவது பின் (pin), ஜாம் ஆகியிருக்கலாம். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயான ஹோஸ் உள்ளே உரிந்து, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான். மெக்கானிக் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன உபாயம்: "பிடிச்சிருக்கும்போதே ஜாக்கி ஏத்தி வீலைச் சுத்திப் பாரு தம்பி. சுத்தலேன்னா ப்ளீடர் நிப்பிளைக் கொஞ்சமா லூஸ் பண்ணு. ஆயில் பீய்ச்சி அடிச்சு வீல் விட்டுருச்சுன்னா ஹோஸ். ஆயில் வந்தும் விடலேன்னா காலிப்பர்ல ஜாம்."

ப்ளீடர் நிப்பிள் என்பது காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகு. கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தினேன். வலது சக்கரத்தைக் கையால் சுழற்றி விட்டால் ஒரு சுற்றுக்கு மேல் போய் நின்றது. இடது சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினால்தான் நகர்ந்தது, கையை எடுத்த இடத்திலேயே நின்றது. நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, மேலே ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டுத் திறந்தேன். இரண்டு சொட்டு வடிந்தது, பீய்ச்சவில்லை. சக்கரம் அப்படியேதான் இருந்தது. ஹோஸ் தப்பித்தது. சூடான காலிப்பர் பக்கத்தில் வேலை செய்கிறோம் என்பதை முழங்கை ஒரு முறை நினைவூட்டியது.

மறுநாள் காலை, வண்டி நன்றாக ஆறிய பிறகு கழற்றினேன். இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தைத் தொடாமல் வைத்திருந்தால், எந்தக் கிளிப் எப்படி உட்கார்ந்திருந்தது என்று சந்தேகம் வரும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போட்டோ எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் கிரீஸ் கையோடு போனைத் தடவுவதைவிட இது வசதி.

காலிப்பர் இரண்டு பின்களில் உட்கார்ந்து முன்னும் பின்னும் நகரும். கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் தெரியும். வெர்னியரில் அளந்தேன். உள் பேடில் 6 மிமீ மிச்சம். வெளி பேடில் ஒரு நுனி 5, மறு நுனி 3. வெளிப் பேட் அதிகம் தேய்ந்திருக்கிறது, அதுவும் சரிவாக. பிஸ்டன் இருப்பது உள் பக்கம். பிஸ்டன் விடாமல் இருந்தால் உள் பேட்தான் முதலில் கரைய வேண்டும். வெளிப் பேட் இப்படிச் சரிந்து தேய்ந்திருந்தால் ஒரு பின்னின் மேல்தான் சந்தேகம் போகும்.

காலிப்பரைக் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன். ஹோஸில் தொங்கவிட்டால் நல்ல ஹோஸும் கெட்டுப்போகும். மேல் பின்னைப் பிடித்து இழுத்தேன், இரண்டு விரலால் வெளியே வந்தது. கீழ் பின் அசையவில்லை. ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் திருப்பி, மரச்சுத்தியால் தட்டி, திரும்பத் திருப்பி, ஒரு மிமீ ஒரு மிமீயாக வந்தது. வெளியே வந்து விழுந்ததைப் பார்த்ததும் கேள்விக்கு இடமில்லை. அந்தக் கீழ் பின்னின் நுனியில் அதிர்வு சத்தம் வராமல் இருக்க ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. அது ராத்திரி ஊறப் போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, மெத்தென்று, விரலால் அழுத்தினால் குழி விழுகிற நிலையில் இருந்தது. சுற்றிலும் மஞ்சள் நிறக் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரணக் கிரீஸ்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றினேன். நல்லெண்ணத்தில்தான் பின்னுக்குக் கிரீஸ் வைத்திருக்கிறார்கள். பிரேக்கில் இருக்கிற ரப்பர் வேறு ஜாதி. பிரேக் ஆயிலைத் தாங்கும், பெட்ரோலியத்திலிருந்து வருகிற கிரீஸையோ என்ஜின் ஆயிலையோ தாங்காது. உறிஞ்சி உப்பிவிடும். உப்பின ரப்பர் ஓட்டையை இறுக்கிப் பிடிக்கும். பிரேக் மிதிக்கும்போது அந்தக் காலிப்பர் சரியாக நகர்ந்து அழுத்தாது, விடும்போது சரியாகப் பின்வாங்காது. மிதிக்கும்போது வண்டி நேராக நின்றதன் ரகசியமும் இதுதான். இடது பிரேக் அரைகுறையாகப் பிடிக்க, வலது பிரேக் முழுதாகப் பிடிக்க, இடது இழுப்பை வலது இழுப்பு சரிக்கட்டியது. அதைத்தான் நான் "பிரேக் நல்லா இருக்கு" என்று படித்தேன்.

ஸ்பேர் கடைக்குப் போகும்போது பழைய பின்னையும் தேய்ந்த பேடையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதக் காலிப்பர் இருக்கும், வாயால் சொல்லி வாங்கினால் திரும்பப் போக வேண்டியிருக்கும். பின், புஷ், ரப்பர் பூட் அடங்கிய கிட் இரண்டு பக்கத்துக்கும் 640. பேட் செட் 1,450. இடது பேட் மட்டும்தான் சரிந்திருந்தது என்றாலும் பேடை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூப் 180. பிரேக் கிளீனர் ஸ்பிரே 320. டாட் 4 ஆயில் அரை லிட்டர் 210. சிலிக்கான் கிரீஸ் கேட்டபோது கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது அதே மஞ்சள் கிரீஸ் டப்பாதான். "எல்லாரும் இதான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். நம்புகிறேன்.

சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பாதி நேரம். பின் போகிற ஓட்டைக்குள் இருந்த பழைய கிரீஸை எடுக்க, குழந்தைப் பால் பாட்டில் கழுவுகிற சின்ன பிரஷ்தான் சரியாக நுழைந்தது. கிளீனர் அடித்து, பிரஷ் விட்டு, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, துணி வெள்ளையாக வரும் வரை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. ஓட்டை பெரிதானால் பின் ஆடும், சத்தம் வரும். தூளை வாயால் ஊதவும் கூடாது, அது நுரையீரலுக்குப் போக வேண்டிய சரக்கு இல்லை. பேட் உட்காருகிற பிராக்கெட்டில் கிளிப்புக்கு அடியில் துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. அது கிளிப்பை மேலே தள்ளிப் பேடை இறுக்கும். கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை எடுத்தேன். புதுப் பேடின் காதில் பெயின்ட் தடிப்பாக இருந்ததால் கிளிப்பில் இறுக்கமாகப் போனது. ஒரு சின்ன அரத்தால் பெயின்ட்டை மட்டும் நீக்கியதும் விரலால் தள்ளினால் நகர்ந்தது. பேட் விரலுக்கு நகர வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது.

புதுப் பின்னை முதலில் கிரீஸ் இல்லாமல் விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் போய் வந்தது. அப்புறம்தான் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. நிறைய வைத்தால் ஓட்டைக்குள் காற்றும் கிரீஸும் அடைபட்டு, பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மாட்டிய பிறகு ரப்பர் பூட்டின் உதட்டை ஒரு தடவை விலக்கிக் காற்றை வெளியே விட்டேன்.

பிஸ்டனை உள்ளே தள்ள ஜி கிளாம்ப், இடையில் பழைய பேட். அதற்கு முன் போனட்டைத் திறந்து, ஆயில் டப்பாவிலிருந்து சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே பொங்கி வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். கிளாம்ப்பைத் திருப்பத் திருப்ப பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, பூட்டில் கிழிசல் இல்லை. அதனால் சீல் கிட் வாங்கவில்லை. டிஸ்கில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது, சூட்டின் தழும்பு. கனத்தை அளந்தேன். டிஸ்கிலேயே குறைந்தபட்சக் கனம் அச்சாகியிருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். அதைவிட ஒரு மிமீக்கு மேலே மிச்சம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

வலது பக்கத்தைக் கழற்றியபோது அங்கேயும் அதே மஞ்சள் கிரீஸ், அதே புஷ் உப்ப ஆரம்பித்திருந்தது. ஜாம் ஆகவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே அளவுக்கு உப்பியிருந்தால் வண்டி நேராகவே போயிருக்கும், மைலேஜ் மட்டும் குறைந்திருக்கும், நானும் பெட்ரோலைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

சோதனைக்காக லூஸ் செய்த நிப்பிள் என்பதால் இடது பக்கம் பிரேக் ஆயிலில் புகுந்திருக்கக்கூடிய காற்றை எடுத்தேன். மனைவி பெடலை மிதிக்க, நான் கீழே நிப்பிளைத் திறந்து மூட. "மிதி, பிடி, விடு" என்று மூன்று வார்த்தைதான், ஆனால் "விடு" என்று சொல்வதற்கு முன் நிப்பிளை மூடியிருக்க வேண்டும். போல்ட்டுகளை, வீல் நட்டுகளை இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சில் மேனுவலில் போட்ட அளவுக்கு முறுக்கினேன். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிக்குப் பெடல் தரை வரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் காம்பவுண்டுச் சுவர்தான் பிரேக்.

புதுப் பேடை உடனே அழுத்திப் பிடிக்கக் கூடாது. காலியான ரோட்டில் 50-லிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பது, கொஞ்சம் ஓட்டி ஆற விடுவது, திரும்பக் குறைப்பது என்று செய்து படிய வைத்தேன். முதலில் லேசான வாடை வரும், அது இயல்பு.

பிறகு வழக்கமான சோதனை. டவுனைச் சுற்றி, கடைசிக் கிலோமீட்டர் பிரேக் தொடாமல். இடது 74, வலது 70. ஜாக்கியில் ஏற்றினால் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி சுற்றின. லேஅவுட்டில் நடுக்கோட்டுக்கு இடது புறம் மெதுவாக இடது, வலது புறம் மெதுவாக வலது. தஞ்சாவூர் ரோட்டில் இன்னும் ஒரு துளி இடது சாய்வு இருக்கிறது. அது ரோட்டின் சரிவு, அதோடு எனக்குச் சண்டையில்லை. நான் எதிர்பார்க்காத லாபம் பிரேக் பெடல்: முன்பு கொஞ்சம் ஆழமாக மிதித்தால்தான் பிடிக்கும், வயசான வண்டி அப்படித்தான் என்று பழகியிருந்தேன். இப்போது மேலேயே பிடிக்கிறது.

கணக்கு: குறையைத் தீர்த்த சாமான் 2,800. குறையைத் தொடாமலே செலவானது, அலைன்மென்ட் இரண்டு தடவை, பேலன்சிங், லோயர் ஆர்ம் எல்லாம் சேர்த்து 5,000. லோயர் ஆர்மை வீண் என்று சொல்ல மாட்டேன், அந்த டொக் டொக்குக்கு அது வேண்டியிருந்தது. கேஜும் தெர்மாமீட்டரும் 1,550, அவை கையில் இருக்கின்றன.

அடுத்த தடவை எந்த வண்டி இழுத்தாலும் என் வரிசை மாறும். காற்று, பிறகு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்துக்கும் சூடு பார்ப்பது, ஜாக்கி ஏற்றிக் கையால் சுற்றுவது, முன் டயரை மாற்றிப் போடுவது. இதில் எதற்கும் பெரிய காசு ஆகாது. இதெல்லாம் முடிந்த பிறகும் இழுத்தால்தான் அலைன்மென்ட் கடை, அங்கேயும் திரையில் நிறத்தைப் பார்க்காமல் தாளில் இடது வலது வித்தியாசத்தைப் பார்ப்பது. பிரேக்கில் கை வைக்கிற எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் சிலிக்கான் கிரீஸ் டியூபை நானே எடுத்துக்கொண்டு போவேன்.

தெர்மாமீட்டர் கையில் வந்ததிலிருந்து நிறுத்துகிற இடமெல்லாம் நாலு சக்கரத்தையும் சுடுவது பழக்கமாகிவிட்டது. பின் வலது டிரம் இப்போது இடதைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதாக விடவில்லையோ என்று சந்தேகம். டிரம்மைக் கழற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மழை வராமல் இருந்தால்.